ஆயுள் முடிந்ததா, முடிக்கப்பட்டதா? தில்லியின் பழைய வண்டிகள் குறித்து

2025 ஜூலை 1 அன்று தில்லியின் எரிபொருள் நிலையங்களில் ஓர் அறிவிப்பு ஏறியது. ஆயுட்காலம் முடிந்த வாகனங்களுக்கு எரிபொருள் வழங்கப்படமாட்டாது என்பது அதன் சாரம். 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல், சிஎன்ஜி வண்டிகளும் அந்தச் சொற்றொடருக்குள் அடங்கும். நிலையத்தில் பொருத்தப்பட்ட கேமரா எண் பலகையைப் படிக்கும், மைய அரசின் 'வாகன்' தரவுத்தளத்தில் அந்த எண்ணைத் தேடும், காலம் கடந்திருந்தால் எச்சரிக்கை எழும், எரிபொருள் மறுக்கப்படும், வண்டி பறிமுதலாகவும் கூடும்.

இரண்டு நாள் கழித்து, ஜூலை 3 அன்று, தொழில்நுட்பக் குறைகளைச் சுட்டி இத்திட்டத்தை நிறுத்திவைக்குமாறு தில்லி அரசு காற்றுத் தர மேலாண்மை ஆணையத்துக்குக் கடிதம் எழுதியது. ஆணையம் நவம்பர் 1க்குத் தள்ளிவைத்தது. ஆகஸ்ட் 12 அன்று உச்ச நீதிமன்றம், வண்டியின் வயதை மட்டும் காரணமாகக் கொண்டு உரிமையாளர்கள்மீது கட்டாய நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றது. டிசம்பர் 17 அன்று அதே நீதிமன்றம், அந்தப் பாதுகாப்பை பிஎஸ்-4 தரத்துக்கும் அதற்குப் பிந்தைய தரத்துக்கும் உரிய வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது.

அரையாண்டுக்குள் இத்தனை திருப்பங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் விவாதம் கேமராவைப் பற்றியும் கட்சி அரசியலைப் பற்றியும் நடந்தது. எல்லாவற்றுக்கும் அடித்தளமாக இருந்த ஒரு சொற்றொடரை எவரும் கேள்வி கேட்கவில்லை. வண்டியின் ஆயுள் 'முடிந்துவிட்டது' என்பதை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் ஒருங்கே ஏற்றுக்கொண்டனர்.

முடிதல் தன்வினை, முடித்தல் பிறவினை. பள்ளி இலக்கணமே கற்பிக்கும் வேறுபாடு இது. மரம் முறிந்தது என்றால் முறித்தவர் எவர் என்ற கேள்வி எழுவதில்லை. முறிவு மரத்துக்குத் தானே நேர்ந்த நிகழ்ச்சி. 'ஆயுள் முடிந்த வண்டி' என்ற தொடரும் அதே வேலையைச் செய்கிறது. இந்தி நாளிதழ்கள் எழுதும் 'உம்ர் பூரீ கர் சுகே' என்ற தொடரில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது: வண்டியே எழுவாயாக நின்று தன் வயதைத் தானே நிறைவு செய்துகொள்கிறது. எம்மொழியில் சொன்னாலும் விளைவு ஒன்றுதான். ஒரு தீர்ப்பாயமும் ஒரு நீதிமன்றமும் ஓர் ஆணையமும் எடுத்த முடிவு, இயந்திரத்துக்கு இயற்கையாக நேர்ந்த மரணமாகத் தோற்றம் கொள்கிறது. எடுக்கப்பட்ட முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரலாம்; நேர்ந்துவிட்ட மரணத்தை மறுபரிசீலனை செய்யக் கோர முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்பது பயன் தரும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதி உறுதியானால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். ஊர்தோறும் மக்கள் 'எஃப்.சி. காட்டுவது' என்று சொல்லும் நடைமுறையின் பொருள் இதுதான். வண்டிக்கு வயது வரம்பு விதிக்கும் அதிகாரத்தை அதே சட்டத்தின் 59ஆம் பிரிவு மைய அரசுக்குத் தருகிறது. 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட தேசிய வாகன அழிப்புக் கொள்கையோ தனியார் வண்டிகளுக்கு வயதை விடுத்துத் தகுதிச் சோதனையையே அளவுகோலாகத் தேர்ந்தது. சோதனையில் தேறும் வண்டி ஓடலாம். தேறாத வண்டி உடைக்கப்படலாம். அதே ஆண்டின் வாகன உடைப்பு நிலைய விதிகள் 'ஆயுள் முடிந்த வண்டி' என்பதற்குத் தரும் வரையறையில் பல வழிகள் உள்ளன: பதிவு செல்லாமற்போனது, தகுதிச் சோதனையில் தோற்றது, பதிவு நீக்கப்பட்டது, நீதிமன்ற ஆணைக்கு உட்பட்டது, உரிமையாளரே கழிவென அறிவித்தது. இவற்றுள் வண்டியின் நிலையை நேராக ஆராய்வது ஒன்றே ஒன்றுதான். ஏனையவை அனைத்தும் தாளில் நிகழ்பவை.

தலைநகர்ப் பகுதியில் மட்டும் வேறு பாதை. 15 ஆண்டு கடந்த வண்டிகள் தில்லியில் ஓடக் கூடாது எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் ஆணையிட்டது. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கான தடை 2015 ஏப்ரலில் வந்தது. 2018 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதி முழுமைக்கும் இவ்விரு வரம்புகளையும் உறுதி செய்தது. இவ்வாறு நாடு முழுவதும் தகுதி ஒரு நெறியாகவும், தலைநகரைச் சுற்றி மட்டும் வயது ஒரு நெறியாகவும் நிலைபெற்றன. வரி செலுத்தி, 15 ஆண்டுகளுக்கெனப் பதிவுச் சான்று பெற்ற டீசல் வண்டியின் ஐந்து ஆண்டுகள் ஒரே ஆணையில் கரைந்தன.

வயதை அளவுகோலாகக் கொள்வதில் என்ன பிழை? வயது மாசைச் சொல்வதில்லை என்பதே பிழை. இதை மெய்ப்பிக்க நுணுக்கமான ஆய்வு எதுவும் தேவையில்லை. அரசின் சொந்தக் கால அட்டவணையே போதும்.

பிஎஸ்-4 தரம் தில்லித் தலைநகர்ப் பகுதியிலும் 13 நகரங்களிலும் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்கும் வந்தது 2017 ஏப்ரலில்தான். இடைப்பட்ட ஏழாண்டுகளில் ஒரே மாதத்தில் விற்பனையான இரண்டு வண்டிகள் இரு வேறு தரத்தில் இருந்தன. 2014இல் தில்லியில் வாங்கிய பெட்ரோல் கார் பிஎஸ்-4. அதே நாளில் பட்டியலில் இடம்பெறாத ஓர் ஊரில் வாங்கிய கார் பிஎஸ்-3 ஆக இருக்கலாம். வயது விதியின் கண்ணுக்கு இவ்விரண்டும் இரட்டைப் பிள்ளைகள். 2029 வரை இரண்டும் 'உயிரோடு' இருக்கும்.

இன்னோர் எடுத்துக்காட்டு இதைவிடக் கூர்மையானது. 2020 மார்ச் 31 பிஎஸ்-4 விற்பனையின் கடைசி நாள். ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6. டீசல் காருக்கு பிஎஸ்-4 அனுமதித்த நுண்துகள் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம். பிஎஸ்-6 அனுமதிப்பது 4.5 மில்லிகிராம். நைட்ரஜன் ஆக்சைடுகளின் வரம்பு 250 மில்லிகிராமிலிருந்து 80 மில்லிகிராமுக்கு இறங்கியது. மார்ச் கடைசி வாரத்தில் வாங்கிய டீசல் காருக்கும் ஏப்ரல் முதல் வாரத்தில் வாங்கிய டீசல் காருக்கும் இடையே நுண்துகள் வரம்பில் ஐந்து மடங்குக்கு மேல் வேறுபாடு; வயதில் ஒரு வாரம். இரண்டும் 2030இல், ஒரு வார இடைவெளியில், 'இறந்துபோகும்'. ஐந்து மடங்கு வேறுபாட்டைக் காண முடியாமல் ஒரு வார வேறுபாட்டை மட்டும் காணும் அளவுகோலை அறிவியல் என்று அழைப்பது எப்படி?

இங்கே ஒரு மறுப்பு எழும். அது நேர்மையான மறுப்பு. எந்த இயந்திரமும் பழகப் பழகத் தேயும். வினையூக்கி மாற்றி செயலிழக்கும். ஆகவே வயது ஓரளவு நம்பத்தக்க அடையாளம்தானே என்பது. தேய்மானம் உண்மை. ஆனால் தேய்மானத்தை உண்டாக்குவது நாட்காட்டி அன்று, ஓட்டமும் பராமரிப்பும். ஆண்டுக்கு நாலாயிரம் கிலோமீட்டர் ஓடும் ஓய்வூதியர் ஒருவரின் காரையும், அதே ஆண்டில் அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடும் வாடகை வண்டியையும் எண்ணிப் பார்க்கலாம். பதினைந்தாம் ஆண்டில் முன்னது ஓடியிருக்கும் தொலைவைப் பின்னது முதலாண்டிலேயே ஓடி முடித்திருக்கும். தூய போக்குவரத்துக்கான சர்வதேச மன்றம் தில்லியிலும் குருகிராமிலும் சாலையில் ஓடும் வண்டிகளின் புகையைத் தொலையுணர்வுக் கருவிகளால் அளந்து 2024இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது: ஒரே பிஎஸ்-6 தரத்துக்குள்ளும், வாடகைக் கார்களும் இலகுரகச் சரக்கு வண்டிகளும் தனியார் கார்களைவிடப் பன்மடங்கு நைட்ரஜன் ஆக்சைடுகளை உமிழ்ந்தன. தாளில் புதியவையாக இருந்த வண்டிகள் அவை. வயது விதி அவற்றைப் பார்க்கவே இல்லை.

இவ்வளவும் சொன்னபின், எதிர்முகாமைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏனெனில் ஆகஸ்ட் ஆணை வந்தபோது சமூக ஊடகங்களில் எழுந்த ஆரவாரம், வயது விதியைவிடக் கூடுதலான பிழை கொண்டது. 'நடுத்தர வர்க்கத்தின் வெற்றி' என்று அது கொண்டாடப்பட்டது. தாத்தாவின் முதல் கார், தந்தையின் வியர்வையில் வாங்கிய வண்டி, குடும்பத்தின் நினைவுப் பேழை என்று உருக்கமான பதிவுகள் குவிந்தன. நினைவு மதிக்கத்தக்கதே. ஆனால் நினைவின் பின்புறக் குழாயிலிருந்து வெளிவரும் புகையை மூச்சில் வாங்குபவர் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர்.

தில்லிக் குடும்பங்களில் பெரும்பான்மையோரிடம் கார் இல்லை. சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், நடைபாதையில் காய்கறி விற்பவர், சைக்கிள் ரிக்‌ஷா மிதிப்பவர், பேருந்துக்காக நிற்கும் வீட்டுவேலைப் பெண்: இவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குளிர்பதனத்தில் அமர முடியாதவர்கள். பிஎஸ்-3 டீசல் காருக்கு அனுமதிக்கப்பட்ட நுண்துகள் கிலோமீட்டருக்கு 50 மில்லிகிராம். வரம்பின் கணக்கில் அது பதினொரு பிஎஸ்-6 கார்களுக்குச் சமம். அத்தகைய வண்டியை நெரிசல் மிகுந்த நகர மையத்தில் விருப்பம்போல் ஓட்டும் உரிமை எவருக்கும் கிடையாது. பழைய தரத்து வண்டிகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை. 'என் வண்டியைத் தொடாதே' என்பது உரிமைக் குரல் போல ஒலிக்கும் சலுகைக் குரல். வயது விதியை எதிர்ப்பவர்கள் இந்தக் குரலோடு சேர்ந்து நிற்கும்போது தம் வாதத்தைத் தாமே தோற்கடிக்கிறார்கள்.

அப்படியானால் கட்டுப்பாட்டுக்கு வயது ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது? வயதைப் படிப்பது மலிவு என்பதே விடை. பதிவு நாள் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது; கழிக்கத் தெரிந்தால் போதும். புகையை அளப்பதற்குக் கருவி வேண்டும், பயிற்சி வேண்டும், கையூட்டுக்கு இடமில்லாத சோதனை நிலையம் வேண்டும். நடப்பில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று, அதாவது மக்கள் வழக்கில் 'பியூசி', பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் பார்க்கிறது. டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியைப் பார்க்கிறது. நுரையீரலுக்குள் இறங்கும் நுண்துகளின் எடையையோ நைட்ரஜன் ஆக்சைடுகளையோ அது அளப்பதே இல்லை. மாசை அளக்கும் கடமையைச் செய்யாத அரசு, அளக்க எளிதான ஒன்றை எடுத்துக்கொண்டு அதையே மாசு என்று பெயரிட்டுவிட்டது. தெரு விளக்கின் கீழ் மட்டும் தொலைந்த பொருளைத் தேடுபவரின் நிலை இது.

'அரசுக்கு அவ்வளவு திறன் இல்லை. எளிய விதிதான் செயல்படும்' என்று நடைமுறை பேசுவோர் உண்டு. அவர்களுக்கும் விடை இருக்கிறது. கேமரா எண் பலகையைப் படித்துத் தேடும் அதே 'வாகன்' தரவுத்தளத்தில் வண்டியின் உமிழ்வுத் தரமும் பதிவாகிறது. நாளைக் கேட்கும் கணினியிடம் தரத்தைக் கேட்பதற்குக் கூடுதல் செலவு ஏது? எரிபொருள் வகையைக் காட்டும் வண்ண ஒட்டிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018இலேயே ஒப்புதல் தந்தது: பெட்ரோலுக்கும் சிஎன்ஜிக்கும் நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. ஜெர்மனியின் நகரங்கள் 2008 முதல் உமிழ்வுத் தரத்தைக் காட்டும் ஒட்டிகளைக் கொண்டே நகர மையங்களுக்குள் வண்டிகளை அனுமதிக்கின்றன. எளிமை என்ற வாதம் வயதுக்கு மட்டும் உரிய சீதனமன்று.

லண்டனின் கடுங்கட்டுப்பாட்டு உமிழ்வு மண்டலம் 2019 ஏப்ரலில் நகர மையத்தில் தொடங்கியது. பின்னர் 2021இலும் 2023இலும் விரிந்து நகரம் முழுவதையும் தழுவியது. பெட்ரோல் கார் யூரோ-4 தரத்திலும் டீசல் கார் யூரோ-6 தரத்திலும் இருக்க வேண்டும். இல்லையேல் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு. இதன் விளைவு கவனிக்கத்தக்கது. 2006இல் வாங்கிய பெட்ரோல் கார் ஒன்று அங்கே பெரும்பாலும் கட்டணமின்றி ஓடும். 2013இல் வாங்கிய டீசல் கார் பெரும்பாலும் பணம் கட்டும். இளையது தண்டம் செலுத்த, மூத்தது இலவசமாகப் போகிறது. ஏனெனில் அங்கே கேட்கப்படும் கேள்வி 'உனக்கு என்ன வயது' என்பதன்று. லண்டன் முறையும் குறையற்றதன்று. பணமுள்ளவர் கட்டணம் கட்டிவிட்டு மாசுபடுத்தலாம். ஆயினும் அங்கே ஏழைக் குடும்பங்களுக்கும் சிறு வணிகருக்கும் பழைய வண்டியைக் கைவிட உதவித்தொகை தரப்பட்டது. முதல் நான்கு ஆண்டுகள் வட்டம் படிப்படியாக விரிந்தது. உள்ளே போக நிலத்தடி ரயிலும் பேருந்தும் இருந்தன.

தில்லி விதியின் வட்டம் எது? 'தில்லி' என்று பேச்சில் சொன்னாலும், 2018 ஆணை பொருந்துவது தேசியத் தலைநகர்ப் பகுதிக்கு. அதன் பரப்பு 55,083 சதுர கிலோமீட்டர். கேரளத்தின் பரப்பு 38,863 சதுர கிலோமீட்டர். கேரளத்தைவிடப் பெரிய நிலப்பரப்புக்கு நகர மையத்தின் விதி ஒன்று போர்த்தப்பட்டிருக்கிறது. அரியானாவின் ஜீந்த், உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர், இராஜஸ்தானின் பரத்பூர் ஆகியவை இதற்குள் அடக்கம். கோதுமை வயலுக்கும் ஊர்ச் சந்தைக்கும் இடையே ஓடும் பழைய ஜீப்பும், கனாட் பிளேஸ் வட்டச் சாலையில் ஊர்ந்து நிற்கும் காரும் ஒரே குற்றம் செய்தவை ஆகின்றன. அதே நேரத்தில், தலைநகர்ப் பகுதியில் ஓடத் தகாத வண்டிக்குத் தடையின்மைச் சான்று பெற்று வேறு மாநிலத்துக்கு விற்றுவிட வழி உண்டு. எல்லைக்குள் இறந்த வண்டி எல்லையைக் கடந்ததும் உயிர்த்தெழுகிறது. அதன் புகையை இனி வேறோர் ஊர் சுவாசிக்கும். 'ஆயுள்' என்ற சொல் எவ்வளவு பொய்யானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

யார் தலையில் சுமை விழுகிறது என்று பார்த்தால் 'கார் உரிமையாளர் எதிர் காற்று' என்ற சித்திரமும் கலைந்துவிடும். தில்லியில் ஏறத்தாழ 62 லட்சம் வண்டிகள் வரம்பைக் கடந்தவை என்று கணக்கிடப்பட்டது. அவற்றுள் 41 லட்சம், அதாவது மூன்றில் இரண்டு பங்கு, இருசக்கர வண்டிகள். பழைய ஸ்கூட்டரை நம்பி வேலைக்குப் போகும் மின்பணியாளரும் பால் ஊற்றுபவரும் கூரியர் பையனும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். இருசக்கர வண்டிகளின் மாசு சிறிதன்று. கான்பூர் ஐஐடி 2016இல் அளித்த ஆய்வு, தில்லியின் வாகனப் புகையில் சரக்குந்துகளுக்கு அடுத்த இடத்தில் அவற்றை வைத்தது. எனவே அவற்றையும் மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றுவதற்கான செலவை எவர் ஏற்பது? பழையதை உடைக்கக் கொடுத்தால் புதியது வாங்கும்போது வரிச் சலுகை என்கிறது அரசு. புதியது வாங்கக் கையில் பணம் இருப்பவருக்கே அந்தச் சலுகை சலுகை.

இதனோடு ஒப்பிட ஒரு பழைய செய்தி உண்டு. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதியில் 2000 சிசியும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களின் பதிவுக்குத் தடை விதித்தது. எட்டு மாதங்களில், 2016 ஆகஸ்டில், தடை நீங்கியது. விலையில் 1 விழுக்காடு பசுமைத் தீர்வை கட்டினால் போதும் என்றானது. பெரிய டீசல் காரின் பாவத்துக்கு நூற்றில் ஒரு பங்கு பரிகாரம். பழைய ஸ்கூட்டரின் பாவத்துக்கு மரணம். இன்னொரு விந்தையும் உண்டு. 2021இல் மைய அரசு வெளியிட்ட விதிப்படி, 50 ஆண்டு கடந்து அசல் வடிவில் பேணப்படும் வண்டி 'தொன்மை வாகனம்' என்ற தகுதியோடு 20,000 ரூபாய் கட்டணத்தில் பதிவு பெறலாம். அன்றாடப் பயணத்துக்கு அது பயன்படக் கூடாது என்ற நிபந்தனை நியாயமானதே. ஆனால் முதுமை பத்தாம் வயதில் குற்றமாகி ஐம்பதாம் வயதில் மரபுச் செல்வமாகும் விந்தைக்குப் பொருள் ஒன்றுதான்: எவரிடம் இருக்கும் முதுமை என்பதைப் பொறுத்தே முதுமையின் மதிப்பு.

எல்லாவற்றினும் கனமான குற்றச்சாட்டு வேறு. வயது வரம்பு தில்லிக்குப் புதிதன்று. 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த புகழ்பெற்ற ஆணையில் அது உண்டு: எட்டு ஆண்டு கடந்த பேருந்துகள் சிஎன்ஜி போன்ற தூய எரிபொருளில் அன்றி ஓடக் கூடாது, 1990க்கு முந்தைய ஆட்டோக்களும் டாக்சிகளும் மாற்றப்பட வேண்டும். அதே ஆணையில் இன்னொரு வரியும் இருந்தது: 2001 ஏப்ரல் 1க்குள் தில்லியின் பேருந்துகள் 10,000 ஆக உயர வேண்டும். ஆட்டோ ஓட்டுநர்கள் தம் வண்டிகளை மாற்றினார்கள், கடன்பட்டு மாற்றினார்கள். பேருந்துகள் சிஎன்ஜிக்கு மாறின. ஆனால் 10,000 என்ற எண்ணைக் கால் நூற்றாண்டு கடந்தும் தில்லி எட்டவில்லை. மெட்ரோ ரயில் 2002 முதல் வளர்ந்தது உண்மை. மெட்ரோ நிலையத்திலிருந்து வீடு வரையிலான தொலைவை நிரப்ப வேண்டியது பேருந்து என்பதும் உண்மை.

ஒரே ஆணையின் இரு பாதிகள். குடிமகன் கைவிட வேண்டியதைச் சொன்ன பாதி காவல்துறையைக் கொண்டு நிறைவேற்றப்பட்டது. அரசு கொடுக்க வேண்டியதைச் சொன்ன பாதி கோப்பில் உறங்கியது. காலக்கெடு தவறிய அந்தப் பேருந்துகளுக்காக எந்தக் கேமராவும் ஒலியெழுப்பவில்லை. எந்த அலுவலகத்துக்கும் எரிபொருள் மறுக்கப்படவில்லை. இன்று ஸ்கூட்டரைப் பிடிக்கும் அரசிடம், ஸ்கூட்டர் இல்லாதவர் எதில் வேலைக்குப் போவது என்று கேட்டால், 1998இல் தந்திருக்க வேண்டிய விடையை அது இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

2025 டிசம்பர் ஆணை உமிழ்வுத் தரத்தைப் பேசத் தொடங்கியது வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் அது பாதி வழியில் நிற்கிறது. வயது வரம்பு அகற்றப்படவில்லை. பழைய வரம்பின்மீது தரம் ஒரு விலக்காக ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. பதினைந்து ஆண்டு நிறையாத பிஎஸ்-3 பெட்ரோல் வண்டி இப்போதும் தீண்டப்படாது. அடுத்த அரையாண்டில் விலக்கு நீங்கினால் மீண்டும் நாட்காட்டியே ஆளும்.

தேவைப்படுவது விலக்கன்று, அளவுகோலின் மாற்றம். முதலாவதாக, கட்டுப்பாடு உமிழ்வுத் தரத்தின் அடிப்படையில் அமைய வேண்டும். தரவுத்தளம் அதற்கு அணியமாகவே இருக்கிறது. இரண்டாவதாக, தரச் சான்று பெற்ற வண்டியும் சாலையில் அளக்கப்பட வேண்டும். மிகுதியாக ஓடும் சரக்குந்தும் வாடகை வண்டியும் வரிசையில் முதலில் நிற்க வேண்டும், வாரம் ஒருமுறை வெளிவரும் கார் கடைசியில். மூன்றாவதாக, எல்லை நெரிசலும் மக்கள்தொகை அடர்த்தியும் உள்ள நகரப் பகுதிகளில் தொடங்கிப் படிப்படியாக விரிய வேண்டும். பரத்பூரின் வயல்வெளி கடைசி வட்டமாக இருக்கட்டும். நான்காவதாக, வண்டியால் பிழைப்பவருக்கு மாற்று வண்டிக்கான உதவி தடைக்கு முன்னர் கைக்கு வர வேண்டும். ஐந்தாவதாக, ஒவ்வொரு கட்டத் தடைக்கும் இணையாக எத்தனை பேருந்துகள், எந்த நாளுக்குள் என்பது அதே ஆணையில், அதே கண்டிப்போடு எழுதப்பட வேண்டும்; பேருந்து வரவில்லையேல் தண்டனை அரசுக்கும் உண்டு என்ற வரியோடு.

ஆய்வுலகத்துக்கும் இதில் ஒரு கடமை உண்டு. 'ஆயுள் முடிந்த வாகனங்கள்' என்ற தொடர் இன்று அரசாணையிலிருந்து நாளிதழுக்கும், நாளிதழிலிருந்து ஆய்வேட்டுக்கும் மேற்கோள் குறிகூட இல்லாமல் நடந்து வருகிறது. சுற்றுச்சூழல், பொருளியல், சட்டம், சமூகவியல் துறைகளின் கட்டுரைகள் அதை ஓர் அறிவியல் வகைப்பாடு போலவே கையாள்கின்றன. மாணவர்களும் அவ்வாறே எழுதப் பழகுகிறார்கள். 'பழைய உமிழ்வுத் தர வண்டிகள்' என்று எழுதலாம். அல்லது 'ஆணையால் தடை செய்யப்பட்ட வண்டிகள்' என்று எழுதலாம். முன்னது காற்றைப் பற்றிப் பேசுகிறது. பின்னது அதிகாரத்தைப் பற்றிப் பேசுகிறது. இரண்டுமே உண்மையைப் பேசுகின்றன. ஆணையிட்டவர் எவர், சுமப்பவர் எவர், வராத பேருந்துக்குப் பொறுப்பு எவர் என்ற கேள்விகள் அப்போதுதான் வாக்கியத்துக்குள் நுழையும்.